கேரல் ரவுண்ட்ஸ் நள்ளிரவைத் தாண்டாமல் இருக்க: வாலிபர் ஐக்கியத்துக்கு ஒரு டிசம்பர் திட்டம்

கேள்வி: பாளையங்கோட்டைப் பக்கம் 140 குடும்பங்கள் உள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. வாலிபர் ஐக்கியத்துக்கு ஒழுங்காக வருகிறவர்கள் 25 பேர். போன வருஷம் மூன்று ராத்திரியில், வீடு வீடாகப் போய்க் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸை முடித்தோம். மூன்று நாளும் இரண்டு மணி ஆகிவிட்டது. நாலைந்து வீடு விட்டுப்போய் இன்னும் மனஸ்தாபம் தீரவில்லை. கிறிஸ்மஸ் அதிகாலை ஆராதனைக்குப் பாட வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தொண்டையே இல்லை. இந்த வருஷம் செயலாளர் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. டிசம்பர் மாதத்தை எப்படி ஒழுங்கு செய்வது?

பதில்:

உங்கள் சங்கடத்துக்கு வாலிபர்களின் ஆர்வக் குறைவு காரணமல்ல, கணக்குத்தான் காரணம். ஒரு வீட்டுக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று யாராவது கையில் கடிகாரம் வைத்துப் பார்த்தால் சராசரி பத்து நிமிஷம் வரும். முந்தின வீட்டிலிருந்து நடந்து வந்து, பின்தங்கியவர்கள் சேரும்வரை நிற்பதற்கு மூன்று நிமிஷம். பாட்டுகளுக்கு மூன்றரை. வசனமும் ஜெபமும் ஒன்றரை. காணிக்கை, பலகாரம், கைகொடுத்து விடைபெறுவது எல்லாம் சேர்ந்து இரண்டு. 140 வீட்டை மூன்றாகப் பிரித்தால் ராத்திரிக்கு 47 வீடு, அதாவது 470 நிமிஷம். ஆறு மணிக்குத் தொடங்கினாலும் 1.50-க்குத்தான் முடியும். போன வருஷம் நடந்தது இதுதான்.

கடைசி வீட்டுக்காரர் ஒன்றரை மணிக்கு மேலும் விழித்திருந்து, நீங்கள் போனபோது என்ன கேட்டார் என்று யோசித்துப் பாருங்கள். அடைத்த தொண்டையோடு எட்டுப் பேர், தூங்கி வழியும் இரண்டு சிறுவர்கள், ஒரு சரணம், அவசர ஜெபம். முதல் வீட்டுக்குக் கிடைத்த பாட்டு கடைசி வீட்டுக்கும் கிடைக்க வேண்டும். கேரல் ரவுண்ட்ஸில் மற்ற எல்லா முடிவுகளையும் இந்த ஒன்றை வைத்தே எடுங்கள்.

2026-இல் கிறிஸ்மஸ் வெள்ளிக்கிழமை வருகிறது. கிறிஸ்மஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளான அட்வென்ட் ஞாயிறுகள் நவம்பர் 29, டிசம்பர் 6, 13, 20. பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு டிசம்பரில்தான் நடக்கும் என்பதால் வார நாட்களைத் தொடாதீர்கள். இரண்டு குழுவாகப் பிரிந்து டிசம்பர் 5, 6, 12, 13 ஆகிய நான்கு இரவுகள் போங்கள். குழுவுக்கு இரவுக்கு 18 வீடு, 180 நிமிஷம். நடுவில் தேநீருக்குப் பதினைந்து நிமிஷம். ஆறு மணிக்குக் கிளம்பினால் 9.15-க்கு முடிந்துவிடும். மொத்தக் கொள்ளளவு 144 வீடு. உங்களுக்கு வேண்டியது 140. 18, 19 இரண்டு நாளையும் மழைக்கென்று காலியாக விடுங்கள். இதை வீண் என்று நினைக்காதீர்கள். நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசிவரை விளையாடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியதையும் தாமிரபரணி கரை புரண்டதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். கேரல் ரவுண்ட்ஸைக் கிறிஸ்மஸுக்கு முந்தின வாரத்தில் அடைத்து வைக்கும் சபைகள், ஒரு நாள் மழை பெய்தால் இருபது வீட்டை இழக்கின்றன.

25 பேரை இரண்டாகப் பிரித்தால் குழு சிறுத்துவிடும் என்ற பயம் எல்லாருக்கும் வரும். ஆனால் ஒரு வீட்டு முற்றத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து பாடினால் வீடு நிறைந்துவிடும். இருபத்தைந்து பேர் போனால் பாதிப் பேர் தெருவில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பிரிக்கும்போது பார்க்க வேண்டியது குரல்களைத்தான். நன்றாகப் பாடும் பெண் பிள்ளைகள் எல்லாரும் தோழிகள் என்பதற்காக ஒரே குழுவில் போனால் அடுத்த குழு முதல் நாளே சோர்ந்துவிடும். இரண்டிலும் சுருதி தப்பாத இரண்டு பேர், தாளம் தெரிந்த ஒருவர், ஜெபிக்கக் கூச்சப்படாத ஒருவர், முப்பது வயதைத் தாண்டிய பொறுப்பானவர் இருவர் இருக்க வேண்டும். குருவானவர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஒரு நாள் ஒரு குழு, மறுநாள் மற்றக் குழு என்று ஐயாவிடம் முன்கூட்டியே பேசி, அவர் வராத குழுவுக்குச் சபை ஊழியரையோ ஒரு கமிட்டி உறுப்பினரையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வழித்தடம். சேகரக் கமிட்டி உறுப்பினர் வீடு, டீக்கனார் வீடு என்று மரியாதை வரிசையில் போனால் ஒரே தெருவுக்கு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். ஒரு தாளில் தெருக்களை வரைந்து, வீடுகளுக்கு எண் போட்டு, தூரத்து முனையில் தொடங்கிக் கோயிலை நோக்கி வாருங்கள். களைப்பு கூடக் கூட நடக்கும் தூரம் குறைய வேண்டும். இதில் ஒரே விதிவிலக்கு, படுக்கையில் இருக்கும் பெரியவர்களும் கைக்குழந்தையும் உள்ள வீடுகள். அவற்றை 7.30-க்குள் முடித்துவிடுங்கள், அதற்காகக் கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை. வாலிபர்களின் சொந்த வீடுகளைக் கடைசிக்குத் தள்ளலாம், அவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

பட்டியலைச் சபையின் குடும்பப் பதிவேட்டிலிருந்து எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவை வைத்து எழுதினால் போன் இல்லாத பாட்டியின் வீடுதான் முதலில் விட்டுப்போகும். புதிதாக வாடகைக்கு வந்தவர்கள், மாடியில் தனியாக இருக்கும் ஆசிரியை, மகனோடு வேறு தெருவுக்குப் போய்விட்ட முதியவர், இந்த மூன்று வகையில்தான் வீடுகள் விடுபடுகின்றன. எழுதிய பட்டியலை, ஆலயப் பணிகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளையிடம் ஒருமுறை காட்டுங்கள். யார் எந்தச் சந்தில் குடியிருக்கிறார் என்பது சபையில் அவருக்குத்தான் முழுதாகத் தெரியும். ரவுண்ட்ஸ் அன்று ஒருவருக்குப் பட்டியலைப் பிடிப்பது மட்டுமே வேலை. பாட்டு முடிந்து குழு வெளியே வந்த பிறகுதான் அவர் டிக் அடிப்பார், உள்ளே நுழையும்போது அல்ல. பூட்டியிருந்த வீட்டுக்கு வேறு குறி போட்டு, மழை நாட்களில் ஒன்றில் மறுபடி போக வேண்டும். விட்டுப்போன வீட்டின் வருத்தம் அடுத்த டிசம்பர்வரை ஆறாது. “எங்க வீட்டுக்கு மட்டும் வரலையே” என்பதை வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

நேரம் பிடுங்குவது பாட்டு அல்ல, உபசாரம். காபி, கேக், முறுக்கு, முந்திரிக்கொத்து என்று ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வைத்தால் பத்து நிமிஷம் இருபதாகிவிடும். வேண்டாம் என்று சொன்னாலும் மனம் நோகும். நவம்பர் 29 ஞாயிறு அறிவிப்பில் ஐயாவையே சொல்லச் சொல்லுங்கள்: குழுவுக்கு ஓர் இரவில் ஒரே வீட்டில்தான் தேநீர், மற்ற வீட்டார் பலகாரத்தைப் பொட்டலமாகக் கொடுக்கலாம். பொட்டலங்களை ஒரு பெரிய கூடையில் சேர்த்துக் கடைசியில் எல்லாருக்கும் சமமாகப் பங்கிடுங்கள். தேநீர் வீட்டை ஒரு வாரம் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். பதினைந்து பேருக்கு இரண்டு லிட்டர் சுக்குக் காபி தாராளமாகப் போதும். அதே அறிவிப்பில் ஒவ்வொரு தெருவுக்கும் எந்தத் தேதி, எந்த அரை மணி நேரம் என்பதையும் சொல்லி, வாசல் விளக்கைப் போட்டுவைத்து நாயைக் கட்டிவைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். நாய்க்காக வாசலில் நிற்கும் நேரத்தைக் கூட்டினாலே ஓர் இரவில் இரண்டு வீட்டின் நேரம் வரும்.

பாட்டுக்கு வருவோம். எட்டுப் பாட்டு போதும். துள்ளலானவை மூன்று, கீர்த்தனை இரண்டு, பாமாலைப் புத்தகத்திலிருந்து நிதானமானது ஒன்று, துக்க வீட்டுக்கும் நோயாளிக்கும் ஏற்ற மெல்லிய பாட்டு ஒன்று, விடைபெறும்போது பாட இரண்டு வரி வாழ்த்து ஒன்று. புதுப் பாட்டு பாடவே வாலிபர்களுக்கு ஆசை இருக்கும். ஆனால் எண்பது வயதுத் தாத்தா கட்டிலில் கிடந்தபடியே உதடசைப்பது கீர்த்தனைக்குத்தான். கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் பிறந்ததும் உங்கள் பாளையங்கோட்டையில்தான். அந்த மரபின் பாட்டுகளில் இரண்டேனும் இந்தத் தலைமுறைக்கு மனப்பாடமாக வரட்டும். எட்டையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். போனைப் பார்த்துப் பாடும் குழுவில் எல்லார் முகமும் கீழே குனிந்திருக்கும், குரலும் கீழேதான் போகும்.

நவம்பர் இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஐந்து பயிற்சி வையுங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். கடைசிப் பயிற்சி கோயில் வளாகத்தில், திறந்த வெளியில், கீபோர்டு இல்லாமல் நடக்க வேண்டும். ஹாலுக்குள் எதிரொலி கைகொடுப்பதால் நன்றாகக் கேட்கும் பாட்டு, வெளியே வந்ததும் மெலிந்துபோகும். அதைச் சமாளிக்கத்தான் கத்துகிறார்கள், மூன்றாவது வீட்டில் தொண்டை போகிறது. இதற்கு மருந்து, சுருதியைக் குறைப்பது. கோயிலில் பாடும் சுருதியிலிருந்து ஒரு முழு ஸ்வரம் இறக்கிப் பாடுங்கள். கீபோர்டு எடுத்துப் போனால் டிரான்ஸ்போஸில் மைனஸ் இரண்டு வைத்தால் அதே கட்டைகளில் வாசிக்கலாம். கீபோர்டு இல்லாவிட்டால் போனில் சுருதிப் பெட்டி செயலியைப் போட்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒருவர் ஆதார சுருதியைக் காதில் வாங்கி மெல்ல முனக, மற்றவர்கள் அதைப் பிடித்துத் தொடங்க வேண்டும். இதைச் செய்யாத குழுவில் உற்சாகம் ஏற ஏறச் சுருதியும் ஏறும். பத்தாவது வீட்டில் மேல் ஸ்தாயியை யாராலும் தொட முடியாது.

தாளமும் அப்படியே. டிரம் அடிப்பவர் தன்னை அறியாமல் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார். அவர் பக்கத்தில் காலால் தாளம் பிடிக்கத் தெரிந்த ஒருவரை நிறுத்துங்கள். தபேலா, டோலக் போன்ற தோல் வாத்தியங்கள் மார்கழிப் பனியில் தளர்ந்து சத்தம் செத்துவிடும். பிளாஸ்டிக் தோல் போட்ட சின்ன டிரம்மும் டாம்பரினும் போதும். கீபோர்டை பேட்டரியில் ஓட்டுவதானால் மாற்று பேட்டரி ஒரு செட் பையில் இருக்கட்டும். யார் வீட்டிலோ கிடைத்த அடாப்டரைச் செருகாதீர்கள். வோல்ட் அளவும் பிளஸ் மைனஸ் முனையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மாற்றிச் செருகினால் கீபோர்டு கெட்டுப்போகும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு பெரிய பிளாஸ்கில் கூடவே வரட்டும்.

ஒலிபெருக்கி தேவையில்லை என்பது என் கருத்து. பன்னிரண்டு பேர் குரல் ஒரு முற்றத்துக்குத் தாராளம். வண்டியில் கட்டிக்கொண்டுதான் போவோம் என்றால், 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இருந்தாலும் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே டிரம்மையும் நிறுத்தி நடந்துவிடுங்கள். இந்துக் கோயில், மசூதி வாசலைத் தாண்டும்போது தாளத்தை நிறுத்துவது சட்டத்துக்காக அல்ல, அக்கம்பக்கத்துக்காக. பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் “எங்க வீட்டுலயும் ஒரு பாட்டு பாடுங்க” என்று கூப்பிடுவது நம் ஊரில் சாதாரணம். பட்டியலில் அதற்கென்று இரண்டு வீட்டு நேரம் விட்டுவையுங்கள். அங்கே காணிக்கைப் பெட்டியை நீட்ட வேண்டாம்.

சாலையில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் டார்ச்சுடன் வரட்டும். நடைபாதை இல்லாத ரோட்டில் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக நடங்கள். தூரத்து வீடுகளுக்கு மினி லாரியில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகும் வழக்கத்தை விடுங்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது குற்றம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் பெரும்பாலும் கைவிடும். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெற்றோரில் ஒருவரோடு மட்டுமே வரலாம் என்றும், பள்ளிப் பிள்ளைகள் 8.30-க்கு வீட்டில் இருப்பார்கள் என்றும் முன்பே அறிவியுங்கள். பெண் பிள்ளைகளை யார் வீட்டில் கொண்டு விடுகிறார் என்பதைப் பட்டியலின் பின்பக்கத்தில் பெயரோடு எழுதி, விட்டதும் டிக் அடிக்க வேண்டும்.

கிறிஸ்மஸ் தாத்தா இல்லாமல் எந்தச் சிறுவனும் விடமாட்டான். ஆனால் அந்த உடைக்குள் இருப்பவரின் நிலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் முகமூடிக்குள் மூச்சின் ஈரம் தங்கி, ஐந்தாவது வீட்டில் தாடையில் வியர்வை சொட்டும். கண் துளை வழியே நேரே இருப்பது மட்டும் தெரியும், படிக்கட்டு தெரியாது. அதனால் அவரோடு எப்போதும் ஒருவர் முழங்கையைப் பிடித்தபடி நடக்க வேண்டும். ஐந்து வீட்டுக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், உள்ளே போட்டுக்கொள்ள ஆளுக்கொரு கைக்குட்டை வேண்டும். முகமூடிக்குப் பதில் பஞ்சுத் தாடியும் கன்னத்தில் கொஞ்சம் சிவப்பும் என்றால் மூச்சு முட்டாது. ஆனால் பஞ்சு நொடியில் தீப்பிடிக்கும், மெழுகுவத்தி ஏற்றிய மேசைக்கோ ஊதுவத்திக்கோ பக்கத்தில் அவர் போகவே கூடாது. இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் வீறிட்டு அழுவார்கள். பெற்றோர் சிரித்துக்கொண்டே “தாத்தாகிட்ட போ” என்று குழந்தையைத் தள்ளுவார்கள். தாத்தா நாலடி தள்ளி மண்டியிட்டு, மிட்டாயைத் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்க வேண்டும். குழந்தை தானாக வந்தால் வரட்டும். யார் குழந்தையையும் தூக்க வேண்டாம், மடியில் வைக்க வேண்டாம். இது எழுதப்பட்ட விதியாகவே இருக்கட்டும்.

இனி, நான் மிக முக்கியமாகச் சொல்ல நினைப்பது துக்க வீடுகளைப் பற்றி. அந்த வருஷம் மரணம் நடந்த வீட்டில் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். அதைப் பார்த்து, “அவங்க வீட்ல இந்த வருஷம் பண்டிகை இல்ல” என்று குழு சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுகிறது. மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் உள்ளே இருட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டில் டிரம் சத்தம் கேட்கும், பாட்டு கேட்கும், பிறகு செருப்புச் சத்தம் தன் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போவதும் கேட்கும். அப்படிப்பட்ட வீடுகளின் பட்டியலைச் சபை ஊழியரிடம் முதல் ரவுண்ட்ஸுக்கு முன்பே வாங்குங்கள். பெண்கள் ஐக்கியத்தில் மூத்த அம்மா ஒருவர் நேரில் போய், “பிள்ளைங்க வந்து ஒரு ஜெபம் மட்டும் பண்ணிட்டுப் போகட்டுமா?” என்று கேட்கட்டும். வேண்டாம் என்றால் அந்த வார்த்தையை மதியுங்கள். பெரும்பாலும் வரச் சொல்வார்கள்.

போகும்போது ஆறு பேர் போதும். தாத்தா, டிரம், காணிக்கைப் பெட்டி மூன்றும் தெருமுனையிலேயே நிற்கட்டும். செருப்பைக் கழற்றி உள்ளே போய், உட்காரச் சொன்னால் உட்காருங்கள். இங்கே பத்து நிமிஷக் கணக்கு கிடையாது, முதலிலேயே இருபது நிமிஷம் ஒதுக்குங்கள். அந்த மெல்லிய பாட்டில் இரண்டு சரணம். ஏசாயா 9:2 வாசிக்கலாம். தனித்திருக்கும் விதவைத் தாயாருக்கு லூக்கா 2:36-38, தேவாலயத்தைவிட்டு நீங்காதிருந்த அன்னாள் தீர்க்கதரிசியின் பகுதி. கிறிஸ்மஸ் வாசிப்புகளில் அது யாருக்கும் நினைவு வராது, ஆனால் குழந்தை இயேசுவைக் கண்டு மற்றவர்களிடம் பேசியவர்களில் வயது சென்ற ஒரு விதவையும் இருந்தார் என்பதை அந்த அம்மா தன் காதால் கேட்பது வேறு. ஜெபத்தில் இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். அழுதால் தடுக்காதீர்கள், அவசரமாக எழும்பாதீர்கள். “ஹேப்பி கிறிஸ்மஸ்” என்ற வார்த்தையை அங்கே விட்டுவிடலாம், “போயிட்டு வாரோம்மா” போதும்.

காணிக்கை எதற்கு என்பதை ரவுண்ட்ஸுக்கு முன்பே முடிவு செய்து அறிவித்துவிடுங்கள். பூட்டிய பெட்டி, சாவி பொருளாளரிடம். அன்றன்று இரவே கோயிலின் வெஸ்ட்ரி அறையில் கமிட்டி உறுப்பினர் ஒருவரும் ஐக்கியத்தில் ஒருவரும் சேர்ந்து எண்ணி, எந்த நோட்டு எத்தனை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எந்த வீட்டில் எவ்வளவு என்று எழுதவே வேண்டாம், அந்தத் தாள் எப்படியும் வெளியே போகும். ஜனவரி முதல் ஞாயிறு கணக்கை வாசித்துவிடுங்கள்.

உதவிப் பொருள்களைக் கிறிஸ்மஸ் ஆராதனையில் மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுக்கும் வழக்கம் வேண்டாம். வாங்குகிறவர் சபையின் சக விசுவாசி, அவர் பிள்ளைகள் அதே ஓய்வுநாள் பள்ளியில் படிக்கிறார்கள். டிசம்பர் 18-க்குள் அவர்கள் வீட்டிலேயே கொடுத்துவிட்டால், பச்சரிசியும் வெல்லமும் எண்ணெயும் பலகாரம் சுடும் நேரத்துக்குக் கையில் இருக்கும். சேலையையும் வேட்டியையும் 24-ஆம் தேதி கொடுத்தால் ரவிக்கை தைக்க நேரமில்லை. குழந்தைகள் இல்லத்துக்குப் போவதானால் இல்லத்தாரிடம் என்ன தேவை என்று முதலில் கேளுங்கள். எல்லாச் சபையும் டிசம்பரில் கேக் கொண்டுபோகிறது, ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம் வாங்க ஆளிருக்காது. அங்குள்ள பிள்ளைகளின் முகத்தைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 அவர்களுடைய அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது.

கோயில் முகப்புக்குப் பெரிய நட்சத்திரம் நீங்களே கட்டலாம், ஒரு சனிக்கிழமை போதும். நான்கடி நீள மூங்கில் பிளாச்சு பத்து, எட்டு அங்குலக் குச்சி ஐந்து, கட்டுக்கம்பி அல்லது சணல். ஐந்து பிளாச்சால் ஒரு தட்டை நட்சத்திரம், அப்படி இரண்டு. கோணல் வருவதற்குக் காரணம் பிளாச்சுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைக் கண்ணால் மதிப்பது. ஒவ்வொரு பிளாச்சிலும் இரண்டு முனையிலிருந்தும் பதினெட்டேகால் அங்குலத்தில் கோடு போடுங்கள். கோட்டின்மேல் கோடு வரும்படி கட்டினால் ஐந்து கூரும் ஒரே அளவாக விழும். இரண்டு நட்சத்திரங்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஐந்து கூர்முனைகளையும் சேர்த்துக் கட்டி, உள்கோணங்கள் ஐந்திலும் எட்டு அங்குலக் குச்சிகளை நெம்பி நிறுத்தினால் வயிறு உப்பிய நட்சத்திரம் கிடைக்கும். பிளாச்சு காய்ந்திருந்தால் இந்த இடத்தில்தான் முறியும். முந்தின இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் வளையும். கலர்த் தாள் ஒரு பனியில் தொங்கிவிடும், பாலிதீன் தாளே தாங்கும். உள்ளே 9 வாட் எல்.இ.டி. போதும். பழைய குண்டு பல்ப் போட்டால் சூட்டில் தாள் கருகும். கீழ்க் கூரில் விரல் நுழையும் அளவு ஓட்டை விடுங்கள், மழைத் தண்ணீர் வடிய. ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் காற்றில் சுழன்று வயர் முறுக்கி அறுந்துவிடும், இரண்டு இடத்தில் கட்டுங்கள்.

கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். சீரியல் செட்டின் ஒட்டுப் போட்ட இடங்களும் பிளக்கும் வைக்கோலுக்கு வெளியே இருக்க வேண்டும், ஆளில்லாத நேரத்தில் மெயினையே அணைத்துவிட வேண்டும். வயல் பச்சைக்குத் தட்டுகளில் கேழ்வரகு விதைத்து வையுங்கள், பத்து நாளில் விரலளவு வளர்ந்து நிற்கும். 14-ஆம் தேதி விதைத்தால் 24-க்குச் சரியாக இருக்கும்.

20-ஆம் தேதி மாலை கீத ஆராதனைக்கு, ஒன்பது வேதபாடங்களை வாசிக்கும் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 1880-இல் இங்கிலாந்தின் ட்ரூரோவில் தொடங்கி, 1918 முதல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் நடந்துவரும் முறை அது. ஆதியாகமம் 3, 22, ஏசாயா 9, 11, லூக்கா 1, பிறகு லூக்கா 2-இல் இரண்டு பகுதி, மத்தேயு 2, கடைசியில் யோவான் 1. நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவது ஆதியாகமம்தான். ஏதேனில் விழுந்ததையும் ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கையும் எடுத்துவிட்டால், பெத்லகேமில் யார், எதற்காகப் பிறந்தார் என்பதற்கு அடித்தளமே இல்லாமல் போகும். பெரும்பாலான பகுதிகள் பத்துப் பன்னிரண்டு வசனத்துக்குள்தான், ஒன்றரை நிமிஷம். குறைக்க வேண்டுமென்றால் பாட்டுகளின் சரணத்தைக் குறையுங்கள். முதல் பாடத்தை ஓய்வுநாள் பள்ளியின் சின்னப் பிள்ளை வாசிக்க, படிப்படியாக வயது ஏறி, ஒன்பதாவதைக் குருவானவர் வாசிக்கட்டும். வாசிக்கிறவர்கள் முந்தின நாள் மைக் முன் நின்று ஒருமுறை வாசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

மெழுகுவத்தி ஏற்றும் நேரத்தில் விதி ஒன்றுதான்: எரிகிற வத்தி நிமிர்ந்தே இருக்கும், எரியாத வத்திதான் சாயும். மாற்றிச் செய்தால் உருகிய மெழுகு பக்கத்தவர் கையில் கொட்டும். வத்திக்கு ஓர் அட்டை வட்டம், நடுவில் பெருக்கல் குறிபோல் கீறல். தலைமுடியும் துப்பட்டாவும் தீப்பிடிப்பது முன்வரிசையில் இருப்பவர் பின்னால் சாயும்போதுதான். பாடி முடித்து அணைக்கும்வரை யாரும் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு வாசலிலும் ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் இருக்கட்டும்.

நாடகம் போடுவதானால் பதினைந்து நிமிஷத்துக்குள். நம் கோயில்களில் ஒரே மைக்கைக் கையிலிருந்து கைக்கு மாற்றுவதில்தான் நாடகம் சாகிறது. கதை சொல்பவர் ஒருவர் மைக்கில் வேதப் பகுதியை வாசிக்க, மற்றவர்கள் பேசாமல் நடிக்கட்டும்; கடைசி வரிசைவரை எட்டும். கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று. அவர்கள் வந்தது வீட்டுக்குள் என்று 2:11-இல் இருக்கிறது. அதனால் மேய்ப்பர்கள் போன பிறகு தொழுவத்தை நகர்த்திவிட்டு, ஒரு பாய் விரித்த வீடாக மாற்றிக் காட்டலாம். சபைப் பிள்ளைகள் “ஏன்?” என்று கேட்பார்கள்.

21 முதல் 24 வரை ஐக்கியத்துக்கு வேலை எதுவும் வைக்காதீர்கள். 24 இரவு பத்து மணிக்குப் பாடுகிறவர்கள் தூங்கியிருக்க வேண்டும். 27 ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒவ்வொரு இரவும் எத்தனை மணிக்கு முடிந்தது, எந்தத் தெருவில் நேரம் இழுத்தது, எந்த வீட்டில் நாய், எந்த வீட்டுப் பாட்டி எந்தப் பாட்டைக் கேட்டார் என்று ஒரு நோட்டில் எழுதி, வழித்தட வரைபடத்தையும் அதற்குள் ஒட்டிவையுங்கள். அடுத்த செயலாளரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது பெட்டிச் சாவியோடு அந்த நோட்டும் போகட்டும்.